ஒரே பந்தியில்: ஆயர்பணி கற்பித்த நட்பு

தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை – இராமநாதபுரம் திருமண்டலத்தில் ஓர் ஆயரின் பொறுப்பில் விடப்படும் சபைகளின் தொகுப்பு குருசேகரம் எனப்படும். ஒரு பெரிய ஆலயமும், அதைச் சார்ந்து கண்மாய்க் கரைகளிலும் சாலையோரங்களிலும் உள்ள சிற்றூர்ச் சபைகளுமாக அது அமைவதுண்டு. அங்கு நியமிக்கப்படும் ஆயர் ஞாயிறு வழிபாட்டை நடத்துவதோடு, வீடு சந்திப்பு, நோயாளிகளைப் பார்த்தல், அடக்க ஆராதனை, பிணக்குத் தீர்த்தல் ஆகியவற்றிலும் தம் வாரத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகிறார். மனிதர் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதை இவ்வளவு அருகிலிருந்து பார்க்க வாய்ப்புள்ள தொழில்கள் மிகச் சிலவே. அப்பணியில் நெடுங்காலம் இருந்த ஒருவரின் பட்டறிவைக் கொண்டு, கிறிஸ்தவ நோக்கில் மெய்யான நட்பு எது என்ற வினாவுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது. கொடுப்பவர், பெறுபவர் என்ற ஏற்றத்தாழ்வு நீங்கி, இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து, ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கிக்கொள்ளக் கூச்சப்படாத உறவே அந்த நட்பு. தொண்டும் தருமமும் எவ்வளவு பெரியனவாயினும் இந்நிலைக்கு வந்து சேராதவரை அவை நட்பு ஆவதில்லை.

இக்கருத்துக்கு அடிப்படை யோவான் நற்செய்தி நூலின் 15ஆம் அதிகாரத்தில் உள்ளது. இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் சீடரோடு உணவருந்தியபின் பேசுகையில், ஊழியக்காரர் என்ற நிலையிலிருந்து அவர்களைச் சிநேகிதர் என்ற நிலைக்கு உயர்த்துகிறார். தந்தையிடம் தாம் கேட்டறிந்த எதையும் அவர்களிடமிருந்து மறைக்கவில்லை என்பதை அதற்குக் காரணமாகக் காட்டுகிறார். நண்பருக்காக உயிரையும் கொடுத்தல் என்னும் அதே பகுதியின் மற்றொரு கருத்தே பெரிதும் பிரசங்கிக்கப்படுவதால், தெரிந்ததை ஒளிக்காமல் பகிர்தல் என்னும் இந்த இலக்கணம் போதிய கவனம் பெறுவதில்லை. உயிரைக் கொடுக்கும் தருணம் ஒருவர் வாழ்வில் வராமலே போகலாம். ஆனால் வீட்டுக் கடனையும் பிள்ளையைப் பற்றிய கவலையையும் சபைக் கணக்கின் நெருக்கடியையும் மற்றவரிடம் திறந்து சொல்வதா, மூடி வைப்பதா என்ற தேர்வு வாரந்தோறும் வந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது அடிப்படை உணவு. வரி தண்டுபவர்களோடும் பாவிகளென ஒதுக்கப்பட்டவர்களோடும் சேர்ந்து உண்டதனாலேயே இயேசு அவர்களுடைய நண்பர் என்று பழிக்கப்பட்டார். பிற்காலத்தில் அந்தியோகியா நகரில் யூதரல்லாத விசுவாசிகளோடு உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்து சேர்ந்ததும் அஞ்சி விலகிக்கொண்டதையும், பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்ததையும் கலாத்தியருக்கு எழுதப்பட்ட கடிதம் தெரிவிக்கிறது. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதைத் திருச்சபை தன் முதல் தலைமுறையிலேயே நற்செய்தியின் உண்மையைச் சார்ந்த கேள்வியாகக் கொண்டது. சாதி பார்த்துப் பந்தி வைத்த மண்ணில் பணிசெய்யும் ஆயர் இப்பகுதியை எளிதில் கடந்துபோக முடியாது.

நட்பைப் பற்றிய சிந்தனை தமிழருக்குக் கிறிஸ்தவத்தால் வந்ததன்று. திருக்குறளின் பொருட்பாலில் 79 முதல் 83 வரையான ஐந்து அதிகாரங்கள் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என வரிசையாக அமைந்துள்ளன. பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையார், தாம் நேரில் கண்டிராத கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாதிருந்து உயிர்விடத் துணிந்தபோது, தேடிச் சென்று அவனோடு தாமும் உயிர்விட்ட செய்தியைப் புறநானூறு காத்துத் தந்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரீவோ மடத்துத் தலைவராக இருந்த ஏல்ரெட் என்னும் துறவி, ஆன்மிக நட்பைப் பற்றி இலத்தீனில் எழுதிய நூலில், நண்பரைத் தேர்தல், சோதித்தல், ஏற்றல், ஒன்றி வாழ்தல் என நான்கு படிகளை வகுத்திருப்பது வள்ளுவரின் நட்பாராய்தலோடு ஒப்பவைத்துப் படிக்கத்தக்கது. தக்காரைத் தேர்ந்து நட்புக் கொள்ளச் சொல்வதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். நற்செய்தியோ அதை மறுக்காமலே, எவராலும் தேர்ந்தெடுக்கப்படாதவரிடமும் நண்பராகச் செல்லுமாறு பணிக்கிறது. ஆராயாமல் கொள்ளும் நட்பு ஏமாற்றத்தில் முடியக்கூடும் என்பதும், ஆராய்ந்துகொண்டே இருப்பவருக்கு நட்பே வாய்க்காது என்பதும் ஆயர்பணியில் ஒருங்கே காணப்படும் உண்மைகளாகும்.

இந்தப் பணிப்பை நிறைவேற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு மதுரையின் கிறிஸ்தவ வரலாறே சான்று. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, தமிழையும் வடமொழியையும் இவ்வூர் ஆசிரியர்களிடம் மாணவராக அமர்ந்து கற்றார். போதிக்க வந்தவர் முதலில் பெற்றுக்கொள்பவரானார் என்ற அளவில் அது நட்பின் நல்ல தொடக்கமே. எனினும் உயர்குலத்தாரின் உடை, உணவு முறைகளை மேற்கொண்டதால், ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பந்தியமர இயலாத நிலைக்கு அவர் தம்மை உட்படுத்திக்கொண்டார்; அம்மக்களிடையே பணிசெய்யப் பண்டாரசாமிகள் எனப்பட்ட தனிக் குருமார் பிரிவு பின்னர் தேவைப்பட்டது.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மிஷனரிகளால் தொடங்கப்பட்ட அமெரிக்க மதுரை மிஷன் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. 1847ஆம் ஆண்டு, சபையில் நீடிக்க விரும்புவோர் தாழ்ந்தவராகக் கருதப்பட்டோர் சமைத்த உணவை அன்பின் விருந்து எனப்பட்ட பொதுப் பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டுமென்று அது விதித்தது. மறுத்த உபதேசியார்களும் மாணவர்களும் சபையாரும் பலர் வெளியேறினர், அல்லது விலக்கப்பட்டனர். சாதியைத் திருச்சபைக்குள் பொறுத்துக்கொள்ள முடியாது என்ற அந்த உறுதி போற்றத்தக்கது. அதைக் குறைத்துப் பேச இன்றும் எவருக்கும் உரிமையில்லை. ஆனால் விதித்தவர்கள் பங்களாவில் வாழ்ந்த சம்பளம் தரும் வெள்ளையர். விதிக்கப்பட்டவர்கள் அச்சம்பளத்தில் வாழ்ந்தவர்கள். ஆணையால் ஒரு பந்தியில் அமரவைக்க முடிந்தது. பந்தி முடிந்தபின் எஜமானும் ஊழியரும் அவரவர் இடத்துக்கே திரும்பினர்.

இந்த இடைவெளியை உலகறியச் சொன்னவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா ஆவார். 1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், பெரும்பாலும் மேலைநாட்டாரே நிறைந்திருந்த அவையில், மிஷனரிகளின் தியாகத்தையும் தொண்டையும் நன்றியோடு ஒப்புக்கொண்ட அவர், இந்தியத் திருச்சபைக்கு அவற்றுக்கு மேலாக வேண்டியவர்கள் நண்பர்களே என்று வேண்டினார். இந்திய உடனூழியரின் வீட்டுக்குப் போவதும் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து உடன் உண்பதும் அக்கால மிஷனரிகள் பலரிடம் அரிதாயிருந்தது என்பதே அவ்வுரையின் பின்னணி. கேட்டவர்களில் சிலருக்கு அது கசந்தது. அசரியா அவ்வாறு பேச முடிந்ததற்கு ஒரு காரணம், அத்தகைய நட்பை அவர் ஏற்கெனவே சுவைத்திருந்தார் என்பது. வாலிபக் கிறிஸ்தவ சங்கத்தில் அவரோடு சேர்ந்து உழைத்த அமெரிக்கரான ஷெர்வுட் எட்டி அவருடைய நெருங்கிய நண்பர். வத்தலக்குண்டில் தங்கித் தமிழ் கற்று மதுரை மிஷனில் சில காலம் பணிசெய்தவரும் அவரே. 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற சிறப்பைப் பெற்றபோதும், அசரியாவின் பெயர் இன்றளவும் நினைக்கப்படுவது நண்பர்களைத் தாருங்கள் என்ற அந்த வேண்டுகோளாலேயே.

அவ்வேண்டுகோளுக்கு மதுரை மண் பின்னர் ஒரு விடை தந்தது. 1925இல் மதுரை மிஷனுக்கு வந்த ரால்ஃப் ரிச்சர்டு கெய்தான் கதர் உடுத்திய அமெரிக்கர். காந்தியடிகளின் கடிதத்தை 1930 மார்ச் மாதம் வைசிராயிடம் கொண்டுசேர்த்த ஆங்கிலேய இளைஞர் ரெஜினால்டு ரெனால்ட்ஸுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார். ஒரு விருந்தினரைத் தங்கவைத்த அச்செயலே அரசின் சினத்துக்கு ஆளாகி, அதே ஆண்டில் அவர் நாட்டைவிட்டுப் போகும்படி நேர்ந்தது. மீண்டும் வந்து, 1944இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டு, விடுதலைக்குப் பின் திரும்பிய கெய்தான், மதுரை அமெரிக்கன் கல்லூரிப் படிப்பை விடுதலைப் போருக்காக உதறிய ச. ஜெகந்நாதனோடு தோழமை பூண்டு, காந்திகிராமத்தில் ஊழியரகம் என்னும் தொண்டர் இல்லத்தை உருவாக்குவதில் பங்குகொண்டார். நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத்தரத் தம் வாழ்வை ஒப்புக்கொடுத்த ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியின் தொடக்க கால நண்பர் அவர். கிறிஸ்தவர் ஒருவரும் காந்தியத் தொண்டரும் ஒருவரையொருவர் தம் வழிக்கு இழுக்காமல் ஒரே வேலையில் தோள் கொடுத்த இந்த உறவு, நட்பின் எல்லை சபைப் பதிவேட்டோடு முடிவதில்லை என்பதைக் காட்டுகிறது.

யார் யாரோடு உண்பது என்னும் வரலாற்றின் இப்பெரிய கேள்வி, சிற்றூர் வீடு சந்திப்பில் ஒரு புட்டிக் கலராக ஆயரின் முன் வந்து நிற்கும். கலர் என்பது கடையில் விற்கும் குளிர்பானத்துக்கு இப்பகுதியில் வழங்கும் பெயர். ஒடுக்கப்பட்ட மக்களின் தெருவில் ஆயர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தவுடன் வீட்டுக்காரம்மா பையனிடம் காசைக் கொடுத்துப் பெட்டிக்கடைக்கு விரட்டுவது வழக்கம்; வேறு சாதியில் பிறந்த விருந்தாளி தம் வீட்டுக் குடத்துத் தண்ணீரைத் தொடமாட்டார் என்பது அத்தெரு தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவம். திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு கரிசல்காட்டு ஊரில், அவ்வாறு வேறு சாதியில் பிறந்தவரான இக்கட்டுரையாளர், “கடைக்கு அனுப்ப வேண்டாம்மா, குடத்துல இருக்கிற தண்ணி ஒரு செம்பு குடுங்க” என்று கேட்டபோது, அந்த அம்மாள் சற்று நேரம் அசையாமல் நின்று, துலக்கி வைத்திருந்த செம்பையே எடுத்து மறுபடியும் புளி போட்டுத் துலக்கிய பிறகுதான் தண்ணீர் மொண்டு தந்தார். குடித்து முடிக்கும்வரை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சந்திப்பில் கலர் வரவில்லை, ரசஞ்சோறும் சுட்ட கருவாடும் வந்தன. அதற்கும் பின்னொரு நாள் அவர் தம் மகன் வாங்கியிருந்த கந்துவட்டிக் கடனைப் பற்றிச் சொல்லிவிட்டு, “அம்மாவுக்கு இப்ப ஒடம்பு எப்படிய்யா இருக்கு?” என்று ஆயரின் மனைவியைப் பற்றி விசாரித்து, ஆயருக்காகத் தாமே வாய்விட்டு ஜெபம் செய்தார். ஆறுதல் சொல்லப் போனவர் ஆறுதல் பெற்றுத் திரும்பிய அன்றுதான் அவ்விருவருக்குமிடையே நட்பு தொடங்கியது. அதுவரை நடந்தது வீடு சந்திப்பு மட்டுமே.

நட்பின் மற்றொரு முகம் மதுரை மக்கள் பெரியாஸ்பத்திரி என்றழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையில் தெரியும். இடுப்பெலும்பு முறிந்து அங்கே சேர்க்கப்பட்ட மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரைப் பார்க்கச் சபையார் பழங்களோடு வந்து, ஜெபித்து, பேருந்துக்கு நேரமாகிறதென்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கட்டிலுக்கடியில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பிளாஸ்க்கும் தட்டும் மாற்று லுங்கியும் அடங்கிய ஒயர்கூடையோடு நாள் முழுவதும் அங்கேயே இருந்தவர், சபையைச் சேராத அண்டை வயல்காரர். எக்ஸ்ரே எடுக்கத் தள்ளுவண்டியைத் தள்ளியதும், இரவில் மலச்சட்டி எடுத்து வைத்ததும் அவரே. உறவினரா என்று கேட்டதற்கு, “உறவில்ல சாமி. வேற யாரு பாப்பா? நான்தான பாக்கணும்” என்பதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. கப்பர்நகூமில் நடக்க இயலாத ஒருவனைக் கட்டிலோடு சுமந்து, கூட்டத்தால் வழியில்லாமல் கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரின் கதையை மாற்கு நற்செய்தி சொல்கிறது. இயேசு அங்கே கண்டு பாராட்டியது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை. அவர்களுடைய பெயரையோ சபையையோ நற்செய்தியாளர் கேட்கவில்லை. இத்தகைய நண்பரைக் காணும்போது அவரை எப்படிச் சபைக்குள் கொண்டுவருவது என்று எண்ணுவதைக் காட்டிலும், அவரிடமிருந்து சபை எதைக் கற்க வேண்டுமென்று எண்ணுவதே கிறிஸ்தவ நன்றியுணர்வுக்கு ஏற்றது.

துக்க வீடும் இவ்வகைப் பள்ளியே. இறப்பு நேர்ந்த வீட்டுக்குச் சென்று துயரில் பங்குகொள்வதை மதுரைச் சீமையில் கேதம் கேட்டல் என்பார்கள். படித்த கிறிஸ்தவர்களிடையே அங்கு போய் விளக்கம் சொல்லும் பழக்கம் மிகுந்துவருகிறது: கர்த்தருக்குச் சித்தமானவரை எடுத்துக்கொண்டார், இதிலும் ஒரு நோக்கம் இருக்கும் என்பன போன்ற சொற்கள் ஐஸ் பெட்டியைச் சுற்றி நிற்போரிடம் தாராளமாக வழங்கப்படுகின்றன. யோபுவின் நண்பர்கள் மூவர் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் கடவுளின் கண்டனத்துக்கு ஆளானார்கள். பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, குழி தோண்டுபவருக்குச் சொல்லியாயிற்றா, வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு எங்கே என்ற வேலைகளைக் கவனித்துக்கொண்டு இரவெல்லாம் இருப்பவரே அவ்வீட்டார் வாழ்நாளெல்லாம் மறக்காத நண்பர். பிரசங்கம் செய்த ஆயரின் பெயர் பலருக்கு நினைவிருப்பதில்லை.

நட்புக்கு இடையூறாக இப்பகுதியில் வேரூன்றியிருப்பவை இரண்டு. ஒன்று கணக்கு. காதுகுத்து, திருமண வீடுகளில் கொடுக்கப்படும் பணமும் பொருளும் மொய் எனப்படும். யார் எவ்வளவு கொடுத்தார் என்று மொய் நோட்டில் எழுதி, திருப்பிச் செய்யவேண்டிய கடனாகவே அதைப் போற்றுவார்கள். கையில் முதலில்லாத குடும்பங்களை நிமிர்த்திவிட்ட நல்ல ஏற்பாடு என்று அதை மதிப்பது முறையே. கேடு நேர்வது அந்த நோட்டு மனத்துக்குள் இடம் பெயரும்போது: நான் போனேன், அவன் வரவில்லை என்ற வரவுசெலவு தொடங்கிய இடத்தில் நட்பு வற்றிவிடும். இரண்டாவது அணி. குருசேகரக் கமிட்டிக்கும் திருமண்டல மன்றத்துக்கும் நடக்கும் தேர்தல்களில், ஒரே ஞாயிறு பள்ளியில் படித்து ஒரே பாடற்குழுவில் பாடியவர்கள் எதிரெதிர் அணியில் நின்று, முடிவு வந்தபின் ஆலயத்தில் வேறு வேறு வாசல் வழியாகப் போய்வருவதைக் காணாத ஆயர் அரியர். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் இதற்கு மருந்து சொல்கிறது: குற்றம் செய்தவரிடம் முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும். துண்டுப் பிரசுரம், வாட்ஸ்அப் குழு, நீதிமன்ற வழக்கு என்று ஊர் முழுதும் தெரிந்த பிறகே உரியவர் காதுக்கு எட்டுகிற இக்காலத்தில், தனியாகப் போய்க் கண்டித்துச் சொல்லும் துணிவு நட்பின் மிக அரிய கொடையாகிவிட்டது.

முறிந்த நட்பு ஒட்டும் முறையையும் நற்செய்தி உணவைக் கொண்டே காட்டுகிறது. மூன்று முறை மறுதலித்த பேதுருவை, உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் சந்தித்தபோது, கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து சாப்பிட அழைத்தார். விசாரணை சாப்பாட்டுக்குப் பிறகே வந்தது, அதுவும் அன்பிருக்கிறதா என்ற ஒரே கேள்வியாக. பிணங்கிய இருவரை ஆயரின் அலுவலகத்தில் எதிரெதிர் நாற்காலியில் உட்காரவைத்தால் பழைய கணக்குகளே புரட்டப்படும். யாராவது ஒருவர் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வழி செய்தால் பாதி வழக்கு தானே தீர்ந்துவிடுவதை இப்பணியில் உள்ளோர் பலமுறை கண்டிருக்கிறார்கள்.

1969இல் மதுரை அரசரடியில் நிறுவப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவரும், பரட்டை என்ற புனைபெயரால் கிராமிய இசையில் இறையியலைப் பாடியவருமான தியோபிலஸ் அப்பாவு இவை அனைத்தையும் ஒரே உலை என்னும் கருத்தில் தொகுத்தார். உலை என்பது சோறு பொங்க அடுப்பில் வைக்கும் நீர். ஊராரின் அரிசி ஓர் உலையில் விழுந்து, சாதியும் பாலினமும் பொருள்நிலையும் பாராமல் எல்லாரும் சேர்ந்து சமைத்துப் பகிர்ந்து உண்ணும்போது இறையாட்சி கண்ணுக்குத் தெரிகிறது என்பது 2005இல் மறைந்த அவருடைய போதனை. 1847இன் அன்பின் விருந்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: இங்கே விதிப்பவர் எவருமில்லை, அரிசி கொண்டுவராதவரும் எவருமில்லை. தமிழகத்தின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள்கூட இன்னும் சாதியால் பிரிக்கப்பட்டிருக்க, திருவிருந்துக் கிண்ணத்தில் ஒன்றாகக் குடிப்பவர்கள் திருமண வீட்டில் தனித்தனியாக உண்ணும் ஊர்களும் இருக்க, அந்த உலை இன்னும் போதிய அளவு கொதிக்கவில்லை என்பது வெளிப்படை.

ஆதலால், புதிதாகக் குருத்துவம் பெற்றுக் குருசேகரத்துக்குப் போகும் இளம் ஆயர்களுக்கு மூத்தோர் சொல்லவேண்டிய அறிவுரை ஒன்றுண்டு. சில ஆண்டுகளில் மாற்றல் வந்துவிடும் என்பதாலும், ஐயா என்ற மரியாதை நடுவில் நிற்பதாலும், ஆயருக்கு நண்பர்கள் கூடாது என்றே பலர் அவர்களுக்குக் கற்பிப்பார்கள். ஒருவருக்குச் சலுகை காட்டுகிறார் என்ற பேச்சு எழுமென்று அஞ்சுவார்கள். அவ்வச்சத்தில் உண்மை இருந்தாலும், அதற்கு அடங்கியவர்கள் நல்ல நிர்வாகிகளாக ஓய்வுபெறுகிறார்களே தவிர, சபையை நட்புக்குப் பழக்குவதில்லை. ஒவ்வொரு குருசேகரத்திலும் ஆயர் எந்தக் காரியமும் இல்லாமல் போய் உட்காரக்கூடிய வீடு ஒன்று ஒடுக்கப்பட்டோர் தெருவில் இருக்க வேண்டும். அவர் தவறினால் முகத்துக்கு நேரே சொல்லும் மனிதர் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்காக ஜெபிக்கவும் அவருக்குச் சோறு போடவும் உரிமை கொண்டாடும் ஏழை ஒருவர் இருக்க வேண்டும். இம்மூன்றும் வாய்த்த ஆயர், சபையார் தமக்குள் நண்பர்களாக வேண்டுமென்று ஆலயத்தில் சொல்லும்போது அச்சொல் கேட்கப்படும். வாய்க்காதவர் முதலில் தேடிச் செல்லவேண்டியது தம் குருசேகரத்திலேயே தாம் இன்னும் ஒருவேளையும் கைநனைக்காத வீட்டை.